உம் கொட்ட ஓர் ஆள்

ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் கேட்டால் தலை சுற்றும். மெத்தை விளம்பரத்துக்கு வந்த ஒருவர், "குரல்ல தூக்கம் வரணும், ஆனா கேக்குறவங்களுக்குத் தூக்கம் வந்துடக்கூடாது" என்றார். இன்னொருவர் தன் குரலிலிருந்து மூக்கை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எதுவானாலும், அங்கே ஒலிப்பதிவு செய்கிற நம்ம ஆள் "பண்ணிடலாம்" என்பார். அதனால் தொழிலில் அவருக்குப் பேரே பண்ணிடலாம் சார்தான். பண்ணியும் கொடுத்துவிடுவார், அதுதான் விசேஷம்.

வீட்டில் அவரிடம் எதையும் கேட்க ஆள் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. மகள் எப்போதாவது போன் பண்ணி, "சாப்டீங்களாப்பா?" என்பாள். அவர் "சாப்ட்டேம்மா" என்பதற்குள் அவளுக்கு வேறு வேலை வந்துவிடும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்படியிருக்கையில் ஒலிப்புத்தகத்துக்காக ஒரு நாவலை வாசிக்க வங்கிக்கார அம்மா ஒருவர் வந்தார். அவருக்கு இதுதான் முதல் வாய்ப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் தனியாக உட்கார்ந்ததும் காதல் கட்டத்தைக்கூட வட்டி விகிதம் மாதிரியே வாசித்தார். பதிப்பகத்துக்காரர் ஏற்கெனவே முகம் சுளித்திருந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க," என்றார் அந்த அம்மா. "நீங்க உள்ள வந்து எதிர்ல உக்காந்து உம் கொட்டணும். சின்ன வயசுலேர்ந்தே என் தங்கச்சி உம் கொட்டினாத்தான் எனக்குக் கதையே வரும்."

"இங்கேர்ந்தே ஹெட்போன்ல சொல்றேனேம்மா."

"முகம் தெரியணும் சார்."

இப்படி ஒரு கூத்தை அவர் இதுவரை கேட்டதில்லை. உம் கொட்டினால் அதுவும் பதிவாகித் தொலைக்கும், பிறகு ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். ஆனாலும் பழக்கதோஷம், வாய் "பண்ணிடலாம்" என்றுவிட்டது.

பதிவை ஓடவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். முதலில் கடனே என்றுதான் "ம்" சொன்னார். அந்த அம்மாவோ ஒவ்வொரு பத்தி முடிவிலும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார், "ம்" வந்த பிறகே மேலே போனார். கதாநாயகி ரயிலைத் தவறவிட்டபோது இவருக்குப் பகீரென்றது. ஒருவர் தன் முகம் பார்த்து இவ்வளவு நேரம் பேசி எத்தனை காலமாயிற்று. மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். வீட்டில் துணி மடிக்கும்போதும் கதையில் அடுத்து என்ன ஆகுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. இந்த நாவல் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று வேறு கவலை.

முடியாமல் இருக்குமா? முடிந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கிழவன் பூட்டிய வீட்டுக்குத் திரும்புகிறான். அங்கே அவர் சொன்ன "ம்" கரகரத்து, பாதித் தொண்டையிலேயே நின்றது.

பிறகு தனியாக உட்கார்ந்து தன் "ம்"களை வெட்டி எறிந்தார். கடைசி ஒன்றில் மட்டும் கை ஓடவில்லை. மெல்லிசாகத்தானே இருக்கிறது, யார் காதில் விழப்போகிறது என்று விட்டுவிட்டார். அடுத்த புத்தகமும் இந்த அம்மாவுக்கே வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அனுப்பினார்.

அந்த அம்மா போன் செய்தார். "பதிப்பகத்துக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு சார். அடுத்த புத்தகமும் எனக்குத்தான். வீட்லயே பதிவு பண்ணிக்கச் சொல்லிட்டாங்க. தங்கச்சி வந்து கூட உக்காந்துக்கறேன்னா. இதுல கடைசியா ஒரு சத்தம் மட்டும் வெட்டாம விட்டுப்போச்சு, எடுத்துடுறீங்களா?"

எடுத்தார். மறுபடி அனுப்பினார். சாயங்காலமே போன் வந்தது.

"இப்ப சுத்தமா இருக்கு சார். எதிர்ல ஒரு ஆள் இருந்த மாதிரியே தெரியல."

அவர் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. போனை வைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.