வாரேன் டீச்சர்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் ராத்திரி நிம்மதியாகத் தூங்கட்டும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இது நடந்தது. யுத்த காலத்தில், மதுரையில், வைகைக்கு வடகரையில் இருந்த ஒரு பெண்கள் ஹைஸ்கூலில், ஸ்யாமளா டீச்சருக்கு நடந்தது. வராத பிள்ளைக்கு ஆஜர் போடச் சொன்னால்கூடக் கை நடுங்குகிற மனுஷி அவர். இப்படி ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்ல அவருக்கு வராது.

டீச்சர் சரித்திரப் பாடம் எடுத்தார். பள்ளி லைப்ரரியும் அவர் பொறுப்புதான். லைப்ரரி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். நீளமான ஓட்டுக்கட்டடம், வரிசையாகச் சில அலமாரிகள், நடுவில் ஒரு பூகோள உருண்டை, வாசலை ஒட்டி டீச்சரின் மேஜை. அவ்வளவுதான். ஆனால் அதை விட்டால் அந்தப் பக்கத்துக்கு வேறு கதி இல்லை. வகுப்பில் காட்டப் படம் வேண்டும், வரைபடம் வேண்டும் என்று மற்ற டீச்சர்கள் காலையிலேயே வந்து நிற்பார்கள். காகிதப் பஞ்சத்தில் பாடப்புத்தகம் கடையில் கிடைக்காததால், பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓடி வருவார்கள். பொழுது சாயும்போது செல்லூர்த் தறிக்கார வீட்டுப் பெண்கள் வந்து தரையில் உட்காருவார்கள். டீச்சர் பேப்பரை உரக்கப் படிப்பார். புருஷனையோ தம்பியையோ பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு வந்தவர்கள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

தலைமையாசிரியை சாவித்ரியம்மாளுக்கு இந்தச் சாயங்காலக் கூட்டம் பிடிக்கவே இல்லை.

"மண்ணெண்ணெய்க்கே திண்டாட்டமா இருக்கு, ஸ்யாமளா. ஒரே ஒரு புகார் வரட்டும். சாயங்காலத்துல பூட்டிடுவேன்."

பூட்டினால் மற்றவர்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள். தங்கப்பொண்ணுதான் தொலைந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிற செல்லூர்ப் பெண். வீட்டில் தறிச் சத்தம் ஓயாது. படிக்க விளக்கும் கிடையாது. பரீட்சையில் தேறினால் டீச்சர் டிரெய்னிங், தேறாவிட்டால் தை பிறந்ததும் மாமன் மகனுக்குக் கல்யாணம் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். சரித்திரப் புத்தகம் லைப்ரரியில் இருந்ததே ஒன்றுதான். அதைத் தினமும் அங்கேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள், பரீட்சை நெருங்குகிற நேரத்தில் திடீரென்று வரவில்லை. அவள் கூட வருகிற மாயக்காள் என்ற பிள்ளையிடம் டீச்சர் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று திங்கட்கிழமை. பேப்பர் படித்து முடிந்தது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"வாரேன் டீச்சர்."

"வாங்க."

"வாரேன் டீச்சர்."

"வாங்க, வாங்க."

புறப்படுகிறவர் போகிறேன் என்று சொல்வது நம் ஊரில் வழக்கம் இல்லையே. டீச்சர் தலை நிமிராமல் பேப்பரை மடித்துக்கொண்டே எல்லாருக்கும் வாங்க சொன்னார். கூடம் காலியானது. அப்போது கடைசி அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். தொண்டை கட்டிப்போன பெண் குரல்.

"வாரேன் டீச்சர்..."

"வாம்மா" என்றார் டீச்சர், பழக்கதோஷத்தில்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தக் குரலுக்குப் பிறகு யாரும் வாசலைத் தாண்டிப் போகவில்லை. எழுந்து போய்ப் பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் வெறும் சுவர். அந்தப் பக்கம் கதவும் கிடையாது. யாராவது வெளியிலிருந்து சொல்லியிருப்பார்கள் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை, அலமாரியில் வைத்துப் பூட்டிய சரித்திரப் புத்தகம் மேஜையில் திறந்து கிடந்தது. நடுவில் ஒரு வேப்பிலை. பள்ளிக்கூடத்தில் இருப்பதெல்லாம் புளியமரம். வேப்பமரம் ஒன்றுகூட இல்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அதே குரல். இந்தத் தடவை நடு அலமாரியிலிருந்து.

"வாரேன் டீச்சர்..."

"வா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

டீச்சர் யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படிச் சொல்வார்? பேய் என்ற ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், ஒரு பெண் வாசலை மிதிக்கமாட்டாள். சாவித்ரியம்மாள் பூட்டோடு வந்து நிற்பார். தங்கப்பொண்ணு திரும்பி வரும்போது லைப்ரரி இருக்க வேண்டுமே.

புதன்கிழமை, குரல் பூகோள உருண்டைக்குப் பக்கத்தில் கேட்டது. அன்றைக்கும் வாய் முந்திக்கொண்டு வா என்றது. உருண்டை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. டீச்சர் கையை நீட்டினார். அந்த இடத்தில் காற்று கொதித்தது. காய்ச்சல்காரி பக்கத்தில் உட்கார்ந்தால் அடிக்குமே, அந்தச் சூடு.

வியாழக்கிழமை. பேப்பர் படிக்கையில் டீச்சருக்கு எழுத்தே தெரியவில்லை. பெண்கள் போனார்கள். வெளியே மாயக்காளின் பேச்சுச் சத்தம் தேய்ந்தது. டீச்சர் சாவியை எடுத்தார்.

கூடம் நிசப்தம்.

அப்போதுதான் அவருக்குப் புத்தியில் பட்டது. வாரேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவள் குரல் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். இது தினமும் கிட்டக் கிட்ட வருகிறது...

இவள் விடைபெறவில்லை.

நிஜமாகவே வந்துகொண்டிருக்கிறாள்.

நான்தான் தினமும் வா என்கிறேன்...

பிடரியில் சூடு.

மூச்சு...

காதோரம்...

"வாரேன் டீச்சர்..."

"வா..." நாக்கு பாதி சொல்லிவிட்டது. பல்லால் கடித்தார். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"வராதே! இனிமே இந்தப் பக்கமே வராதே! போ!"

சட்டென்று சூடு அடங்கியது. மேஜையில் பேப்பர் மட்டும் படபடத்தது. டீச்சர் பூட்டக்கூட இல்லை, ஓடியே போய்விட்டார். அதன் பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மாயக்காள் தானாகவே வாயைத் திறந்தாள். "தங்கப்பொண்ணுக்கு அம்மை டீச்சர். ஆத்தா வீட்ல இருக்கையில வெளிய சொல்லக் கூடாதுல்ல. இப்பத்தான் அம்மை எறங்கி மூணாம் தண்ணி ஊத்துனாக."

டீச்சர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே செல்லூருக்குப் போனார். வாசல் கூரை இறவாணத்தில் செருகிய வேப்பிலை காய்ந்து கிடந்தது. தாய் சீனியம்மாள் வாசலிலேயே அழுதுவிட்டாள்.

"பொழைக்க மாட்டான்னுதான் நெனச்சோம் டீச்சர். அந்தத் திங்கக்கெழமையிலருந்து பொழுது சாஞ்சா போதும், 'வாரேன் டீச்சர், வாரேன் டீச்சர்'னு ஒரே பெனாத்தல். சொன்ன ஒடனே ஒடம்பு சில்லுன்னு ஆயிரும். அம்புட்டு நேரம் கொதிச்ச ஒடம்பு! வியாழக்கெழம மூச்சே நின்னுபோச்சு. எல்லாரும் ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சுட்டோம். திடீர்னு தூக்கிவாரிப்போட்டு முழிச்சா, பாருங்க..."

வா, வா என்று நாள் தவறாமல் கூப்பிட்டது யார்? நினைக்கவே டீச்சருக்குப் பயமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

தங்கப்பொண்ணு பாயில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வடு. டீச்சரைப் பார்த்ததும் சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

"புஸ்தகத்தைப் பத்திரமா வெச்சிருக்கேன். பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு, நான் சொல்லித்தரேன். நாளைலேருந்து லைப்ரரிக்கு வந்துடறியாம்மா?"

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"ஏம்மா?"

"நீங்கதான டீச்சர்... இனிமே இந்தப் பக்கமே வராதேன்னு கத்துனீங்க?"