மடைக்காவலன் கையில் குண்டூசி

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுது என்றார்கள் நண்பர்கள். ஆறிவிட்டால் நான் எதற்கு எழுதப்போகிறேன்? நான் செய்வினை வைத்தேன் என்று என் கூடப்பிறந்த அண்ணனே நம்பினார். அதுவும் அவருக்கே வைத்தேனாம்.

நான் கந்தர்வக்கோட்டையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறவன். வீட்டில் சால்டரிங் புகை மதினிக்கு ஆகாது என்பதால், கடை போக மற்ற வேலைக்கெல்லாம் வயலில் இருக்கும் மோட்டார் ரூம்தான் என் பட்டறை. அண்ணன் சின்ன வயதில் முந்திரி மரத்திலிருந்து விழுந்து இடது கால் வளைந்தவர். த்ரீ பேஸ் கரண்டு எப்போது வரும் என்று எவனுக்கும் தெரியாது. வந்ததும் மோட்டார் போட வரப்பில் சாய்ந்து சாய்ந்து ஓடுவார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அந்தக் கருவியைச் செய்தேன். கரண்டு வந்தால் மோட்டாரைத் தானே ஓடவிட்டு, அவர் செல்லுக்கும் சொல்லிவிடும். செப்புத் தகட்டில் மார்க்கரால் கோடு இழுத்து, கரைசலில் ஊறப்போட்டு, நானே அரித்தெடுத்த சர்க்யூட் அது. டீக்கடையில் அண்ணன் பெருமை தாங்காது. "என் தம்பி செஞ்சதுங்க. நான் இங்கிட்டு உக்காந்திருக்கேன், தண்ணி அங்கிட்டுப் பாயுது" என்பார். அதே வாய்தான் பிறகு அப்படிப் பேசியது.

எனக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் இரண்டு பேர் வருவார்கள். வரைபடத்தை விரித்து, பொம்மைகளை நிறுத்தி, பகடை உருட்டி விளையாடுவோம். நான் கதை சொல்ல, அவர்கள் அதற்குள் இறங்கிச் சண்டை போடுவார்கள். உலகம் நான் உண்டாக்கியது. நார்த்தாமலைப் பக்கம் இருப்பது போன்ற மொட்டைப் பாறைகள், அடியில் ஊர்த் தண்ணீரையெல்லாம் உறிஞ்சும் ஒரு பூதம், ஏழு கண்மாய்கள், மடைக்கு ஒரு காவலன். வரைபடம் முழுக்க அறுகோணக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் எழுத்துகள். ஆறு வருச வேலை. காவலர்களைக் களிமண்ணில் பிடித்து, செப்புக்கம்பியைக் கவசமாகச் சுற்றியிருந்தேன். பெரிய மடையின் காவலனுக்குத் தலையில் துண்டு, இடது கால் வளைசல். கையில் வேலுக்குப் பதில் ஒரு குண்டூசியைக் காலோரமாக ஊன்றியபடி செருகியிருந்தேன்.

இப்போது நீங்களே கூட்டிப் பாருங்கள். கால் வளைந்த மண் பொம்மை, ஊசி, கம்பி, கட்டம் கட்டி எழுத்து எழுதிய தாள், பக்கத்திலேயே கோடு போட்ட செப்புத் தகடு. போன மாதம் அண்ணனுக்கு அந்தக் கால் வீங்கி, வலியில் உயிர் போனது. ஸ்பேனர் எடுக்க மோட்டார் ரூமுக்குப் போனவர், நான் பூட்ட மறந்த அலமாரியில் இதையெல்லாம் பார்த்திருக்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சரி, அரண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? நேரே குறி சொல்லிச் செய்வினை எடுக்கும் கோடாங்கியிடம் போனார்.

நான் கடையிலிருந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் ஏழு காவலர்களையும் வரைபடத்தையும் சிவப்புத் துணியில் முடிந்து, எலுமிச்சம்பழம் அறுத்து, கண்மாயில் வீசிவிட்டுப் போயிருந்தார் கோடாங்கி. அண்ணன் கறுப்புக் கயிறு கட்டிய காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொம்மை நாந்தானே?" என்றார்.

"ஆமா, நீங்கதான்." பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஒனக்கு நான் என்னடா பாவம் பண்ணேன்?"

எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறியது. "நல்லா இருக்குண்ணே ஒங்க நியாயம்! மோட்டார் பெட்டிக்குள்ள இருக்கதும் அதே தகடுதான். தண்ணி பாச்சுனா தம்பி செஞ்சது, அலமாரியில கெடந்தா செய்வினையா?"

"மெதுவாப் பேசுங்க தம்பி, தெருவே கேக்குது" என்றார் மதினி.

"கேக்கட்டும்!" என்று கத்திவிட்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். மெயினை இறக்கி, கருவியைப் பிடுங்கி வந்து, அண்ணன் மடியில் எறிந்தேன். "இதையும் கொண்டுபோய்க் கண்மாயில போடச் சொல்லுங்க."

நாலு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் மறுபடி வரப்பில் நடந்தார். தொடையைக் கையால் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு வெறி எனக்கு. ஐந்தாம் நாள் காலையில் தாங்கவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். திருப்புளியால் கருவியை மறுபடி முடுக்கிக்கொண்டே, நான் திரும்பாமல் பேசினேன்.

"அது ஊசி இல்லண்ணே, வேலு. அந்த ராஜ்ஜியத்துலயே பெரிய மடை ஒங்களுது. நீங்க வேலு ஊனி நிக்கிற வரைக்கும்தான் பூதம் உள்ள வராது. ஆறு வருசத்துல ஒரு தடவைகூட ஒங்களச் சாக விட்டதில்ல நான். ஒங்களுக்குப் போயி செய்வினை வப்பேனா?"

அவர் வாசல் படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"அம்புட்டும் நீயா உண்டாக்குன ஒலகந்தானே?"

"ஆமா."

"அப்ப அங்கயாச்சும் எனக்குக் காலை நேரா வச்சிருக்கலாம்லடா."

திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். அண்ணன்மேல் இருந்த கோபம் போகவில்லை. ஆனால் ஆறு வருசமாக அந்தக் காலை அப்படியே வளைத்து வைத்திருந்தவன் நான்தானே.