வளைவில் மட்டும் அணைந்த விளக்கு: டிரெய்லரோடு போடிமெட்டுக்கு

பொங்கல் விடுமுறையில், எங்கள் பழைய காரின் பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மதுரையிலிருந்து போடிமெட்டுக்குப் போனோம். இருவர் படுக்கும் பெட்டி வீடு அது. பிரேக், சிக்னல் விளக்குகளுக்கு ஒயர் இழுத்தது நான்; பிறகு பெயிண்ட் அடித்தது என் கணவர். மலையில் மக்கர் செய்தால் விற்றுவிடலாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கோ அதை விற்க மனமே இல்லை.

காலை ஆறுக்குக் கிளம்பினோம். தொண்ணூறு கிலோமீட்டர், எட்டரைக்குப் போடியில் இட்லி, இருவருக்கும் நூற்றிருபது ரூபாய். அங்கேயே விளக்குகளைச் சோதித்தோம். எல்லாம் பளிச்சென்று எரிந்தன. என் அலட்டல் தாங்கவில்லை.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் பின்னாலிருந்து விடாமல் ஹாரன் அடித்தது. ஒதுக்கி நிறுத்தினோம். ஓட்டுநர் இறங்கி வந்தார்.

"அண்ணே, நேரா போகையில லைட்டு எரியுது. வளைவுல பிரேக்கு பிடிச்சா அணைஞ்சிருது. மேல ஒரே மூடுபனி. என் ஜீப்புல பன்னெண்டு பேரு இருக்காக."



"திரும்பிருவோமா?" என்றார் கணவர்.

எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தால் கோளாறு டிரெய்லரின் இரும்புச் சட்டத்தோடு இணையும் எர்த் ஒயரில்தான். அடியில் படுத்துப் பார்த்தேன். அதன் போல்ட்டைக் கழற்றி, சட்டத்துக்கு இரண்டு கோட்டு அடித்து, பெயிண்டின் மேலேயே திரும்ப முடுக்கியிருக்கிறார் மனிதர். பெயிண்டில் மின்சாரம் பாயுமா? அதுவரை காரும் டிரெய்லரும் சேரும் கொக்கி வழியாகத்தான் இணைப்பு கிடைத்திருக்கிறது. வளைவில் கொக்கி திரும்பியதும் அதுவும் விட்டுப்போனது.

நான் எடுத்த உப்புத்தாளை என் கையிலிருந்து அவரே வாங்கிக்கொண்டார். "நல்லாத்தான இருந்துச்சு" என்று முனகிக்கொண்டே தன் பெயிண்டைத் தானே தேய்த்தார். வெறும் இரும்பின் மேல் போல்ட்டைத் திரும்ப முடுக்கினேன்.

ஜீப் போகவில்லை. "சோலி எங்கயும் ஓடிறாது. நீங்க முன்னால போங்கக்கா, நாங்க பாத்துச் சொல்றோம்" என்றார் ஓட்டுநர். அதன்பின் ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பிலிருந்து பெண்களின் குரல்: "எரியுது ஆத்தா." மூடுபனிக்குள் அதைக் கேட்கக் கேட்க எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டிரெய்லரோடு வருகிறவர்கள் விளக்கை நேராக நிறுத்தி மட்டும் சோதிக்காதீர்கள்; ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, வண்டியைத் திருப்பி நிறுத்தியும் பாருங்கள். எர்த் போல்ட்டுக்கு அடியில் வெறும் இரும்பு தெரிய வேண்டும்.

போடிமெட்டில் டீ குடித்தபடி கணவர் டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விற்பது பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"உள்ள ஒரு சின்ன அடுப்பு வச்சுக்குவமா?" என்றார்.