பெரிய வீட்டு ஏழைகள்

அமெரிக்காவில் சனாதிபதியாகத் துடித்த பழைய நடிகர் ஒருவர், நிவாரணப் பணத்தில் பெரிய கார் ஓட்டும் ஏழைப் பெண்ணைப் பற்றிக் கதை சொல்லித் திரிந்தார். பசித்தவர்கள் எல்லோரும் கள்ளர்கள் என்பது அந்தக் கதையின் சாரம். எங்கள் வீட்டில் பேப்பர் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். வாசித்துக் கோபத்தில் எரிந்தேன்.

எங்கள் அரசாங்கத்துக்கும் அந்த ஞானம் வந்தது. எல்லோருக்கும் கொடுத்துவந்த கூப்பன் அரிசியை நிறுத்தி, உண்மையான ஏழைக்கு மட்டும், கடையில் கொடுத்துச் சாமான் வாங்க உணவு முத்திரை என்றார்கள். புங்குடுதீவில் நாங்கள் இருந்தது கொழும்பு வியாபாரி ஒருவரின் கல்வீடு. காவலுக்கு இருந்தோம், படுத்தது குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில்.

விசாரிக்க வந்த ஊர் அதிகாரி விதானையார் முன்விறாந்தைத் தூண்களை அண்ணாந்து பார்த்தார்.

"இவ்வளவு பெரிய வீட்டில இருந்துகொண்டு முத்திரையோ?"

"ஐயா, இது எங்கட வீடில்லை" என்றார் அம்மா.

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுகினம்."

"அப்ப அறையளைத் திறந்து பாருங்கோ. திறப்பு கொழும்பில கிடக்கு" என்றேன் நான்.

"படிச்ச பிள்ளைக்கு வாய் நீளம்" என்று சிரித்துக்கொண்டே முத்திரைப் பட்டியலில் எங்கள் பெயரை வெட்டினார்.

கதையில் அந்த அமெரிக்கக்காரிக்குக் காராவது கொடுத்தார்கள். எங்களுக்குத் தூண்கள்.

அன்று பின்னேரமும் அம்மா அந்த முன்விறாந்தையைக் கழுவப் போனார். தூரக் கிணற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீர் என்றும் பாராமல், வாளியைப் பறித்து முற்றத்தில் ஊற்றினேன்.