மேடையில் சொன்ன பக்கத்து வீட்டுப் பிள்ளை

"அந்தப் பிள்ளை உண்மையிலேயே இருக்கிறதா?" என்று அந்த ஜெர்மன் பெண்மணி கேட்டபோது நான் ஏன் உடனே ஓம் என்றேன்? பிள்ளைக்காகச் சொன்னேனா, சற்று முன்பு எனக்குக் கிடைத்த கைதட்டலுக்காகச் சொன்னேனா? பத்து மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் சரியாகப் படுகிறது, மறுநாள் மற்றது.

டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் இருபது நிமிடத் தூரத்திலுள்ள சிறு நகரம் எங்களுடையது. மூன்றாம் மாடியில் எதிரெதிர் வாசலோடு, நடுவில் ஒரே சுவரோடு இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள். மற்றதில் மன்னார்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று: கணவன், மனைவி, நாலு வயது மகள். கணவனுக்கு ரொட்டி சுடும் வெதுப்பகத் தொழிற்சாலையில் வேலை. விடிய நாலு மணிக்குப் புறப்பட்டுவிடுவார். மனைவி ஐந்து மணிக்கு ஓர் அலுவலகக் கட்டடத்தைச் சுத்தம் செய்யப் போய் ஏழேகாலுக்குத் திரும்புவாள். ஏழரைக்குக் கின்டர்கார்டன் திறக்கும். இடைப்பட்ட இரண்டேகால் மணி நேரம் அந்த வீட்டில் பிள்ளை தனியாக இருக்கும்.

அவள் அந்த வேலைக்குப் போனதற்குக் காரணம் எனக்குத் தெரியும். வதிவிட அனுமதியை நீடிக்க வேண்டுமென்றால் ஒருவர் சம்பளம் போதாது என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொன்னார்கள். அதை அவர்களுக்குத் தமிழில் மொழிபெயர்த்தவள் நான்தான்.

அப்போது என் மகனுக்கு ஐந்து மாதம். விடிய ஐந்தரைக்குப் பாலுக்கு எழும்புவான். அவனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுவது முதலில் கேட்டது. இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு மாடிப்படியில் தாயை மறித்தேன்.

"தங்கச்சி, விடியப்புறம் பிள்ளை தனியவே இருக்கிறா?"

"நித்திரைதான் அக்கா. நான் வரேக்கையும் நித்திரை. கதவைப் பூட்டிப்போட்டுத்தான் போறனான், படியிலை இறங்கி விழுந்திடுவாள் எண்டு."

"எழும்பி அழுதால்?"

அவள் என் கைப்பிள்ளையைப் பார்த்தாள். பிறகு, "அவளின்ர கட்டில் உங்கட சுவரோடைதான் கிடக்கு" என்றாள்.

என்ன கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது. "பிள்ளையை இஞ்ச கொண்டுவந்து விடும்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் கணவர் இரவு வேலை முடித்து வந்து அந்த நேரத்தில்தான் அயர்ந்து தூங்குவார். எங்களுக்கு இருந்தது ஒன்றரை அறை. என் மகனும் சின்னச் சத்தத்துக்கே எழும்பிவிடுவான். காரணங்கள் எல்லாம் உண்மைதான். "ஏதும் எண்டால் சுவரிலை தட்டச் சொல்லும். நான் அந்த நேரம் முழிப்புத்தான்" என்றேன். அவள் கதவுத் திறப்பை என் கையில் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மாரிக் குளிர்காலம் முழுக்கப் பிள்ளை தட்டினாள். கரண்டியோ என்னவோ, மூன்று தட்டு. நான் விரல் மொழியால் திருப்பித் தட்டுவேன். சில நாட்களில் கின்டர்கார்டன் பாட்டைப் பாடுவாள், இந்தப் பக்கமிருந்து என் மகன் சிரிப்பான். நல்ல காரியம் செய்வதாகவே நான் நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் பொங்கல் விழா வந்தது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து வருடா வருடம் நடத்தும் விழா. பிள்ளைகளின் நடனம் முடிந்தால் பெரியவர்களின் பட்டிமன்றம். அந்த வருடத் தலைப்பு: "புலம்பெயர்ந்தவரின் முதற்கடமை தம் சமூகத்துக்கா, வாழும் நாட்டுக்கா?" விழாவுக்குப் பத்து நாள் முன்னதாகப் பள்ளிக்கூடத்தை நடத்துகிற மாஸ்டர் வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, வாழும் நாடு எண்டுற அணியிலை ஒராள் குறையுது. நீங்கள்தான் படிச்சனீங்கள்."

"எனக்கு ஏலாது மாஸ்டர், கைப்பிள்ளை."

"நல்லது, கைப்பிள்ளை இருந்து கைதட்டட்டும்." எழும்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "சும்மா தத்துவம் கதைச்சால் சனம் வடை தின்னப் போயிடும். நெஞ்சிலை குத்துற மாதிரி ஒரு உதாரணம் வேணும்."

வாழும் நாட்டுக்குத்தான் முதற்கடமை என்று நான் அதற்கு முன் நினைத்ததும் இல்லை, நினைக்காததும் இல்லை. பட்டிமன்றத்தில் அது தேவையுமில்லை. எந்த அணியில் போடுகிறார்களோ அந்த அணிக்காக உயிரைக் கொடுத்துப் பேச வேண்டும். மூன்று நாள் இருந்து எழுதினேன். பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் பிள்ளை தானாக வந்து நடுவில் அமர்ந்துகொண்டாள். இரண்டு தடவை வெட்டினேன், இரண்டு தடவையும் திரும்ப எழுதினேன். பெயர் இல்லை, தெரு இல்லை, மாடி இல்லை. தாய்க்கு அன்று பகலிலும் மேலதிக வேலை, விழாவுக்கு வரமாட்டாள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன்.

மேடையில் அந்த இடம் வந்தபோது மண்டபம் அடங்கிப்போனது. "நாலு வயதுப் பிள்ளை. வெளியே பூட்டு. அயலில் இருக்கும் நாம் என்ன செய்கிறோம்? சமூகத்தின் மானம் போய்விடும் என்று காதைப் பொத்திக்கொள்கிறோம். அந்தப் பிள்ளையைக் காக்க இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு வாயாக இருப்பதுதான் நம் முதற்கடமை" என்றேன். பின்வரிசைவரை கைதட்டினார்கள். அடுத்துப் பேசிய எதிரணிக்காரர், "தங்கச்சியிட்டை கவனமாய் இருங்கோ, நாளைக்கு உங்கட வீட்டிலை பால் பொங்கி வழிஞ்சாலும் பொலிசுக்குப் போன் அடிப்பா" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். எங்கள் அணிதான் வென்றது என்றார் நடுவர்.

முன்வரிசையில் பொன்னாடையோடு ஒரு ஜெர்மன் பெண்மணி இருந்தார். வெளிநாட்டவருக்கு உதவும் ஒரு தேவாலய அமைப்பில் வேலை செய்பவர். வருடா வருடம் அவரை அழைத்து முன்னால் இருத்தி, மொழிபெயர்க்க ஒரு மாணவியையும் பக்கத்தில் விடுவது எங்கள் வழக்கம். மாணவி முதல் இரண்டு வசனத்தைச் சொல்லிவிட்டு முறுக்குத் தின்னத் தொடங்கிவிடுவாள். விருந்தினர் மூன்று மணி நேரம் சிரித்தபடி இருப்பார். அதனால் மேடையில் பேசுகிற எவருமே அவர் அங்கிருப்பதை நினைப்பதில்லை. அந்த வருடம் விட்ட மாணவி கெட்டிக்காரி. நான் பேசி முடித்து மற்றவர்கள் கைதட்டும்போதும் அவளுடைய உதடுகள் அந்தப் பெண்மணியின் காதருகே அசைந்துகொண்டிருந்தன.

தேநீர் நேரத்தில் அவர் என்னிடம் வந்தார். பிள்ளை உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டார். ஓம் என்றேன். உங்களுக்குத் தெரிந்த வீடா என்றார். பக்கத்து வீடு என்றேன். "இதைச் சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்" என்று என் கையைப் பிடித்தார். கஷ்டமாக இருக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

பாத்திரம் வைக்கக் குசினிக்குப் போனேன். வடைச் சட்டியின் முன் பக்கத்து வீட்டுக்காரி நின்றாள். அன்றைய வேலையை மாற்றிக்கொண்டு உதவிக்கு வந்திருந்தாள். குசினியிலும் ஒலிபெருக்கி இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு வடையைப் புரட்டினாள்.

அடுத்த வாரம் யூகென்ட்அம்ட் என்கிற சிறுவர் நல அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். பிள்ளையைத் தனியே விடக்கூடாது, விடியவே பிள்ளையைப் பார்க்கக்கூடிய ஒரு பெண்ணுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் காத்திருக்க வேண்டும் என்றார்களாம். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்துப் படியில் அவளே என்னை மறித்தாள்.

"நல்லாய்க் கதைச்சனீங்கள் அக்கா. வடை போட்டுக்கொண்டு நிண்டவையும் கை தட்டினவை."

"உம்மட பேரை நான் சொல்லேல்லை."

"இஞ்ச நாலு வயதுப் பிள்ளை உள்ள தமிழ் வீடு எத்தினை அக்கா இருக்கு? கட்டிலை மற்றச் சுவருக்கு மாத்திப்போட்டன். இனித் தட்டினால் அடி விழும் எண்டும் சொல்லிப்போட்டன். உங்களுக்கு இனிக் கரைச்சல் இல்லை."

மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் நின்றாள். பிறகு ஒரு நாள் விடிய ஐந்து மணிக்கு அவர்கள் கதவு பூட்டப்படும் சத்தம் மறுபடி கேட்டது. பிள்ளையின் சத்தம் மட்டும் இல்லை. யாரையாவது ஒழுங்கு செய்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருமுறை அவர்கள் கதவில் காதை வைத்துக்கூடக் கேட்டேன். மணியை அடிக்கவில்லை. அடித்தால் மறுபடி நான் அலுவலகத்துக்குச் சொல்லப் போகிறேன் என்று நினைப்பாளே என்று தயங்கினேன். அந்தப் பெண்மணியிடமும் போகவில்லை. சட்டத்துக்கு வாயாக இருக்கச் சொன்னவள் வாயை மூடிக்கொண்டு மகனுக்குப் பால் கொடுத்தேன்.

பங்குனியில் ஒரு காலை, ஆறரை மணியளவில், பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது. கதவைத் திறந்தால் மாடிப்படியில் புகை. அவர்கள் கதவைத் தட்டினேன், பிள்ளையைக் கூப்பிட்டேன், தமிழிலும் ஜெர்மனிலும் கத்தினேன். பதில் இல்லை. கணவர் எழும்பி வந்து கதவோடு மல்லுக்கட்டினார். நான் தீயணைப்புப் படைக்குப் போன் அடித்தேன். அவர்கள் வந்து கதவை உடைத்தார்கள். பிள்ளை கதிரையில் ஏறிப் பால் சூடாக்கப் பார்த்து, பிளாஸ்டிக் கோப்பையை மின்னடுப்பில் வைத்திருக்கிறாள். அடுப்புக்கு மேலே மட்டும்தான் எரிந்தது. வலது உள்ளங்கை முழுக்க வெந்துபோயிருந்தது. கட்டிலுக்குக் கீழே ஒளிந்திருந்தவளைத் தீயணைப்பு வீரர் ஒருவர் இழுத்தெடுத்துத் தூக்கி வந்தார். அவர் தோளில் கிடந்தபடி என்னைப் பார்த்து, "நான் தட்டேல்லை அன்ரி" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை நேரே ஒரு ஜெர்மன் குடும்பத்திடம் கொடுத்தார்கள். தாயும் தகப்பனும் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம். எட்டு மாதமாகிறது. கை ஆறிவிட்டது, சுண்டுவிரல் மட்டும் சரியாக நிமிராது என்று கேள்வி. தாய் தமிழில் கேட்டால் பிள்ளை ஜெர்மனில் பதில் சொல்கிறாளாம்.

ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. "அவ மேடையிலை சொல்லேக்கையே கேட்டிருக்கலாம்" என்று என்னைப் புகழ்ந்தவர்கள் உண்டு. அவர்களைக் கண்டால்தான் எனக்குக் கூடுதலாகக் கூசியது. தமிழ்க் கடையில் ஒரு பெண் என்னைக் கண்டதும் தன் மகனிடம், "நேராய் நில்லடா, அன்ரி பாக்கிறா, எழுதிக் குடுத்திடுவா" என்றாள். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் மகனைத் தொட்டிலில் விட்டுவிட்டுக் குப்பை போடக் கீழே இறங்க எனக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் அவள் எங்கள் வீட்டு மணியை அடித்தாள். பங்குனிக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவை. உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றாள். பிள்ளையைத் திரும்பக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். மாசியில் விசாரணை. விடிய வேலையை விட்டுவிட்டாள். இப்போது பிள்ளைகள் கின்டர்கார்டனில் இருக்கும் நேரத்தில் மட்டும் ஒரு சலவைக் கடையில் நிற்கிறாள்.

"லோயர் சொல்லுறார் அக்கா, பிள்ளையை நாங்கள் கைவிட்டுட்டுப் போகேல்லை, பாக்க ஒராள் இருந்தவ எண்டு காட்டினால் நல்லதாம். அந்த நேரம் பிள்ளை உங்கட பொறுப்பிலை இருந்தவள் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ."

நான் இடுப்பிலிருந்த மகனை மற்றப் பக்கம் மாற்றினேன்.

"பொய்யே கேக்கிறன்? தட்டச் சொன்னது நீங்கள்தானே?"

"அது முந்தி. பிறகு நீர்தானே நிப்பாட்டினனீர்."

"ஏன் நிப்பாட்டினனான் அக்கா?"

பிள்ளையின் பெயரும் வழக்கு இலக்கமும் எழுதிய தாளை என் கையில் தந்துவிட்டுப் போனாள்.

"எழுதாதை" என்கிறார் என் கணவர். "உன்ர பொறுப்பிலை இருந்தது எண்டால் கை எரிஞ்சதும் உன்ர பொறுப்பிலைதான். எங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்கு. எங்கட விசாவும் சித்திரையிலை முடியுது. நீ கதைச்சது காணும்." அவர் சொல்வதிலும் பிழை இல்லை.

நெருப்புப் பிடித்த அன்று பிள்ளை என் பொறுப்பில் இருக்கவில்லை. இருந்தது என்று எழுதினால் நீதிமன்றத்துக்குப் பொய் சொன்னவள் ஆவேன். மாரியில் நான் வாக்குக் கொடுத்ததையும், அது ஏன் நின்றது என்பதையும் உள்ளபடி எழுதலாம். அப்படி எழுதினால், யூகென்ட்அம்ட் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகும், பார்க்க யாருமே இல்லாமல் தாய் பிள்ளையைப் பூட்டிவிட்டுப் போனாள் என்பது என் கையெழுத்திலேயே இருக்கும். ஒன்றும் எழுதாமல் விட்டால் என் வீடு தப்பும், அந்தப் பிள்ளை இன்னும் எத்தனை காலத்துக்கு அங்கேயே இருப்பாளோ தெரியாது. சில வேளை, அந்த ஜெர்மன் வீட்டில் அவள் சந்தோஷமாக இருக்கிறாளோ என்றும் யோசிக்கிறேன். அப்படி யோசிக்கும்போது என் மகனைப் போய்த் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தப் பத்திரிகையை வாசிக்கும் அம்மாமாரே, அக்காமாரே, இந்த நாட்டு நீதிமன்றங்களில் ஏறி இறங்கியவர்களே, உங்களிடம் கேட்கிறேன். என்னைத் திட்டி எழுதினாலும் பரவாயில்லை. எது கடமை என்று மட்டும் எழுதாதீர்கள். அதைப் பேச எனக்கும் தெரியும். மாசிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பிள்ளையின் பெயருக்குக் கீழே தாள் வெறுமையாகக் கிடக்கிறது. நீங்களாக இருந்தால் அதில் முதல் வரியை என்னவென்று எழுதுவீர்கள்? அந்த ஒரு வரியை எனக்கு எழுதி அனுப்புங்கள்.