சட்னி வாளிக்குப் பக்கத்தில் பத்து கெஜம்

சுகர் லேண்டில், ஃப்ரீவேயை ஒட்டிய தோசைக் கடை. டிவியில் உள்ளூர் அணியின் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம். பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறவனை ஒவ்வொரு முறையும் இரண்டு எட்டு வைப்பதற்குள் அமுக்கிவிடுகிறார்கள். இந்த சீசன் முழுக்க இப்படித்தானாம்.

நான் தட்டோடு எழுந்து சட்னிக்குப் போகிறேன். அதே நொடியில் அவன் பத்து கெஜம் ஓடிவிடுகிறான். ஜெர்சி போட்ட கடைக்காரர் கல்லாவிலிருந்து கத்துகிறார்.

"சார், அசையாதீங்க! அங்கயே நில்லுங்க!"

"தோசை ஆறுதுங்க."

"வேற போட்டுத் தர்றேன். நீங்க எழுந்தப்புறம்தான் சார் அவன் ஓட்டம் வொர்க் ஆகுது."

சட்னி வாளிக்குப் பக்கத்தில் சிலையாக நிற்கிறேன். அடுத்த ஓட்டத்தில் நான்கு பேர் அவனை நின்ற இடத்திலேயே சாய்க்கிறார்கள்.

கடைக்காரர் டிவியைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்க்கிறார்.

"கால மாத்தி வச்சீங்களா சார்?"