இரண்டு வைத்தியருக்கும் மனம் நோகாமல்

அக்காவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். "நீதானே டீச்சர், நீயே எழுது" என்று எல்லாரும் சேர்ந்து இதை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அக்கா மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயம் ஒன்றின் கடைசிக் காம்பராவில் பிறந்தார். அப்பா காலமானதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தார். அவர் கொழுந்து பறித்ததால்தான் நான் ஆசிரியையானேன். இதை எழுதும்போதே அழுகை வருகிறது.

யாருடைய முகமும் வாடக் கூடாது என்பது அவர் குணம். தீபாவளிக்கு மூன்று வீட்டில் கூப்பிட்டால் மூன்று வீட்டிலும் சாப்பிடுவார். ஏன்க்கா இப்படி என்றால், "ஆசையா ஆக்கி வச்சிருப்பாங்கடி. வேணாமுன்னா மூஞ்சி சுண்டிப் போயிரும்ல" என்பார். பிறகு ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டபடி கிடப்பார். நானோ நேர்மாறு. ஊரில் எனக்கு வாயாடி என்றுதான் பேர்.

மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததும் அவரைப் பதுளைக்கு என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள், கட்டி சுருங்கியது. கால் மரத்துப் போனதற்கு மட்டும் சிங்கள நாட்டு வைத்தியர் ஒருவரிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டார். அவரை வெதமாத்தயா என்போம். நன்றாகத் தேறி வந்த நேரத்தில் அக்காவின் கண் மஞ்சளானது.

"ஈரல் கெட்டிருக்கு. இப்படியே போனா இந்த மருந்தை நிறுத்த வேண்டியதுதான். இதை விட்டா இவ்வளவு நல்லாக் கேக்குற மருந்து வேற இல்ல" என்றார் டாக்டரம்மா. "நாட்டு மருந்து ஏதாவது குடிக்கிறீங்களா?"

"ஐயோ, இல்லீங்க" என்றார் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலையில்தான் சமையலறையில் கறுப்பாக எதையோ போத்தலில் கண்டு கேட்டேன். வெதமாத்தயா தந்த கஷாயம் என்று அக்காவே சொன்னார்.

"பொய் டாக்டர்! கஷாயம் குடிக்கிறாங்க" என்றேன். மேசைக்கடியில் அக்கா என் தொடையைக் கிள்ளினார் பாருங்கள், அம்மாடி!

"ஏன்மா மறைச்சீங்க?"

"நீங்க இவ்வளவு பாடுபடுறீங்க. ஒங்க மருந்து போதலன்னு நெனச்சிட்டேன்னு வருத்தப்படுவீங்களேன்னுதான்…"

"அந்த வைத்தியருக்காவது இங்க மருந்து ஏத்துறது தெரியுமா?"

தெரியாது என்று அக்கா தலையை ஆட்டினார். வெதமாத்தயா மனமும் நோகக் கூடாதாம்! சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்றே எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா ஏசவில்லை. வெதமாத்தயாவைத் தொலைபேசியில் அழைத்து, கஷாயத்தில் என்னென்ன சேர்த்தார் என்று சிங்களத்தில் கேட்டறிந்தார். கஷாயம் அன்றோடு நின்றது; ஈரல் தேறும்வரை ஆஸ்பத்திரி மருந்தையும் தள்ளிவைத்தார். எண்ணெய் மட்டும் தேய்க்கலாம், எது செய்தாலும் தனக்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்றார். அடுத்த முறை போனபோது வெதமாத்தயா தன் தமிழில் கோபித்துக்கொண்டார். "ஐயோ அக்கே, மொதல்ல சொன்னா நான் குடுக்க மாட்டேன் தானே!"

ஈரல் தேறியது. மருந்தும் மறுபடி ஏறியது. அதன் பிறகு அக்காவுக்குச் சில நல்ல வருடங்கள் கிடைத்தன. என் மகள் பல்கலைக்கழகம் போவதைக் கண்ணாரப் பார்த்தார். ரயிலில் பண்டாரவளைச் சந்தைக்குப் போய், கடைக்காரர் தள்ளிவிட்ட அழுகல் தக்காளியை எல்லாம் சுமந்து வந்து என்னிடம் ஏச்சு வாங்கினார்.

போன வருடம் நோய் எலும்புக்குள் போய்விட்டது. பார்க்க வந்த உங்களிடமெல்லாம் "நல்லா இருக்கேங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் டாக்டரம்மா எங்கள் வீட்டுக்கே வந்து, "வலி எப்படிம்மா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை. வெகுநேரம் கழித்து, "வலிக்குதுங்க. தாங்க முடியல" என்றார். பிறந்ததிலிருந்து அக்கா வாயால் அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. வலி மருந்தைக் கூட்டினார்கள். டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டே வெதமாத்தயாவும் வந்து பாதங்களில் இளஞ்சூட்டு எண்ணெய் தடவிவிட்டார். அக்கா முனகாமல் தூங்கினார். அமைதியாகவே போய்ச் சேர்ந்தார்.

கூடவே நின்ற அயலவர்களுக்கும், மோசமான பாதையில் மடுல்சீமையிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவுகளுக்கும், தாதிமாருக்கும், வெதமாத்தயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வலியைப் பற்றிக் கேட்ட அன்று நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, அக்கா பதில் சொல்லும்வரை எழுந்திருக்காமல் காத்திருந்த டாக்டரம்மாவுக்கு, என் உயிர் உள்ளவரை நன்றி.

— தங்கை